குசினி ஜன்னலுக்கு ஒரு டிசைன் போட்டி

இனிமேல் தனி மனிதர்களுக்காக ஒரு கோடுகூட வரைவதில்லை, வரைந்தால் சமுதாயத்துக்காகத்தான் வரைவது என்று 1934-ஆம் வருஷம் பொங்கலன்று முடிவு செய்தேன். கோலாலம்பூரில் ஒரு துரையின் கம்பெனியில் நான் பிளான் வரைகிறவன். துரை ஆர்க்கிடெக்ட். அவர் கிளப்புக்குப் போயிருக்கும் நேரங்களில் நானும் ஆர்க்கிடெக்ட்.

சமுதாயத்துக்கு வரைய ஒரே வழி டிசைன் போட்டி. மண்டபம் கட்டப் போகிறோம், நல்ல பிளான் அனுப்புங்கள் என்று ஏதாவது ஒரு சங்கம் பத்திரிகையில் போடும். நான் அனுப்புவேன். இதுவரை ஏழு போட்டி. ஏழிலும் தோல்வி. ஆனால் என் பிளானைப் பார்த்த ஏழு கமிட்டிகளுக்கும் ரசனை கொஞ்சம் உயர்ந்திருக்கும். போட்டியின் பயனே அதுதான். எட்டாவதாகக் கிள்ளானில் ஒரு சங்கத்தார் வாசகசாலைக்குப் போட்டி அறிவித்திருந்தார்கள்.

இதை என் மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னேன். அவள் குசினியில் இருந்தாள். குரலை வைத்துத்தான் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பலகை வீட்டுக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. விறகடுப்பு மூட்டினால் உள்ளே ஆள் தெரியாது.

"கல்யாணமான நாள்லேருந்து போட்டி, போட்டின்னு சொல்றீங்க. பாசார்ல ஆட்டுப் போட்டி வாங்கிட்டு வாங்கன்னா மட்டும் காதுல விழமாட்டேங்குது."

"இது கட்டடப் போட்டி, புஷ்பம்."

"ஆட்டுக் குடல் மாதிரி அதைக் குழம்பு வைக்க முடியாதே."

"ஜெயிக்கிறது முக்கியமில்ல. கலந்துக்கிறதுதான் பெருமை."

"இந்தக் குசினிக்கு ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்கன்னு ஆறு வருஷமா கேக்கிறேன்."

"அது தனி மனுஷர் வேலை. ஆர்க்கிடெக்ட்டுங்கிறவன் சமுதாயத்தோட கண்ணு."

"இங்க என் கண்ணு போவுது."

எனக்குப் புகழ் வரவேண்டும், அவளுக்குப் புகை போகவேண்டும். இதுதான் எங்கள் குடும்பத் தகராறு. அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கித்தான் இருந்தன. பாவமாகவும் இருந்தது. ஆனால் சமுதாயம் பெரியது.

அடுத்த சனிக்கிழமை வேலை விட்டு வந்தேன். சுவரில் ஒரு காகிதம். என் வரைபடத் தாள்தான். புஷ்பவல்லியின் கையெழுத்து.

'குசினி ஜன்னல் டிசைன் போட்டி. நடுவர்: ஸ்ரீமதி புஷ்பவல்லி. பிளானில் பெயர் கூடாது, புனைபெயர் மட்டும். சொந்தப் பெயரை ஒட்டிய உறைக்குள் வைக்கவும். பிளானைத் திருத்த நடுவருக்கு உரிமை உண்டு. தீர்ப்பே முடிவானது. வென்றவரே கட்டித் தரவேண்டும். பரிசு: பெருமை.'

கிள்ளான் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கடைசி இரண்டும் அவள் சொந்தச் சரக்கு.

"என்ன இது?"

"போட்டி. நீங்க சேர வேணாம். உங்களுக்கு சமுதாய வேலை இருக்கு."

"வேற யாரு சேருவா?"

"யாரும் சேரலாம். பக்கத்து வீட்டு நாகையா அண்ணன் மாதிரி கைவேலை தெரிஞ்சவங்க."

"நாகையாவா? ரயில் பட்டறையில கதவு மாட்டுற ஆளு லா அது. ஜன்னலைப் பத்தி என்ன தெரியும்?"

"ரயில்லயும் ஜன்னல் இருக்குங்க."

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. ஏழு கமிட்டிகளிடம் தோற்றது வேறு. சொந்தக் குசினியில் ரயில் கதவு மாட்டுகிறவரிடம் தோற்றால் நான் தெருவில் நடக்க முடியாது. கிள்ளான் வாசகசாலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

மூன்று ஞாயிறு வரைந்தேன். பக்கத்துக்கு ஒரு தூண். மேலே வளைவு. வளைவின் உச்சியில் தாமரை. மூலையில் 'மயன்' என்று புனைபெயர். உறையை நன்றாக ஒட்டினேன். யார் வரைந்தது என்று நடுவருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

தீர்ப்பு நாளன்று மூன்று பிளான்கள் வந்திருந்தன. நடுவர் ஓர் உறையைப் பிரித்தார்.

"முதல் இடம் மயன். அட, நீங்களா?"

வாழ்க்கையில் முதல் வெற்றி. புகையே இல்லாமல் என் கண் கலங்கியது.

"சின்னத் திருத்தம் இருக்கு," என்றாள். "தூண் வேணாம்."

"சரி."

"வளைவு வேணாம்."

"ம்."

"தாமரை வேணாம்."

"அப்புறம் என்னதான் மிச்சம்?"

"ஓட்டை. அது ரொம்ப அருமையா வந்திருக்கு."

பிறகு இரண்டு ஞாயிறு சுவரை அறுத்தேன். கட்டைவிரலையும் கொஞ்சம் அறுத்தேன். சட்டம் அடித்து, கீல் வைத்து, பலகைக் கதவு மாட்டினேன். இதற்குள் கிள்ளான் போட்டியின் தேதி போய்விட்டது.

ஜன்னலைத் திறந்ததும் புகை வெளியே போயிற்று. ஆறு வருஷத்தில் முதன்முறையாக அவள் சமைக்கும்போது முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கொல்லைக் கதவையும் மாற்றச் சொல்வாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாகையா சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். வென்றவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

"நாகையா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. தோல்வி எல்லாருக்கும் வர்றதுதான்."

"எந்தத் தோல்விண்ணே?"

"ஜன்னல் போட்டி."

"நான் எங்கண்ணே சேந்தேன்? போட்டி நடந்தப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் கேரி தீவுல மாமனார் வீட்லல்ல இருந்தேன்."

மெதுவாகத் திரும்பினேன். புஷ்பவல்லி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த ரெண்டு பிளானும் யாரு வரைஞ்சது?"

"ஒண்ணு நாகையா அண்ணன் பொண்டாட்டி வீரம்மா அக்கா."

"இன்னொண்ணு?"

"நான். தோசைக்கல்லை வெச்சு வட்டம் போட்டேன்."

"நீ நடுவராச்சே?"

"அதனாலதான் எனக்கு நானே பரிசு குடுத்துக்கல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"நம்ம ஜன்னலைப் பாத்துட்டு வீரம்மா அக்காவும் அவங்க குசினிக்கு ஒரு போட்டி வெச்சிருக்காங்க. அதே நிபந்தனைதான். இந்தத் தடவை நாகையா அண்ணனும் சேரலாம்."

நான் முட்டாள் இல்லை. 'சேரலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். வென்றால் அடுத்த வீட்டுச் சுவரையும் நான்தான் அறுக்கவேண்டும். விரலில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. எல்லாவற்றையும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பிறகு கண்டிப்பான குரலில் கேட்டேன்:

"கடைசித் தேதி என்னிக்கு?"