ஷெல்ட்டரைக் காப்பாற்றப் போனேன்

எங்கள் வீட்டில் பணிப்பெண் காலடி எடுத்து வைக்கக்கூடாது என்று நான் சபதம் செய்ததற்குக் காரணம் சிக்கனம் அல்ல. சுயநலம். உங்களிடம் மறைப்பானேன்?

உட்லண்ட்ஸில் எங்கள் பதினோராம் மாடி வீட்டில் ஒரு ஷெல்ட்டர் உண்டு. போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிக் கொடுத்த குட்டி அறை. ஜன்னல் கிடையாது. கனத்த இரும்புக் கதவு. நாட்டில் போர் வரவில்லை. வீட்டில் வரும்போதெல்லாம் நான் அதை முறைப்படி பயன்படுத்தி வந்தேன். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூன்று தூண்டில்கள். பணிப்பெண் வந்தால் படுக்க அவளுக்கு அந்த அறைதான். அப்புறம் நான் எங்கே போவது?

"சனிக்கிழமை மெய்டு ஏஜென்சிக்குப் போறோம்லா" என்றாள் என் மனைவி சிவதர்ஷினி. "ஆபீஸ், கிச்சன் ரெண்டையும் என்னால பாக்க முடியல."

"தர்ஷினி, வீட்டு வேலை வேலையே இல்ல. தியானம். தட்டு கழுவும்போது தட்டை மட்டும் நினைக்கணும். மனசு அப்படியே அமைதியாயிடும்."

"நீங்க எப்ப கழுவினீங்க?"

"யூடியூப்ல பாத்தேன்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஷெல்ட்டருக்குள் ஓடுவேன். அன்று அவள் கோபப்படவே இல்லை.

"எனக்கு அந்தப் பக்குவம் இல்லைங்க. ஒரு வாரம் நீங்க செஞ்சு காட்டுங்க. பாத்துக் கத்துக்கிறேன். அப்புறம் மெய்டு எதுக்கு?"

மீன் மாட்டிக்கொண்டது என்று துள்ளினேன். உடனே ஒரு வாரம் லீவு போட்டேன்.

திங்கள்கிழமை, ஈரத்துணி மாட்டிய மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். தோள்பட்டை கழன்று கீழே பதினோரு மாடி போய்விட்டதென்றே நினைத்தேன். சிரித்தேன். செவ்வாய்க்கிழமை தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வந்து ஆய்ந்தேன். ஆய்ந்தேன், ஆய்ந்தேன், பொழுது போய்விட்டது. சிரித்தேன். புதன்கிழமை கழிவறையைத் தேய்க்கும்போது கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஹனீன் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"நிம்மதியா இருக்கேம்மா."

"இப்படி வேர்க்குதே?"

"அது ஆனந்தம்."

அவள் அதைப் படம் பிடித்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் லிஃப்டில் ஒன்பதாம் மாடி பரமசிவம் என்னை முறைத்தார்.

"உமக்கு நல்லாருக்கா? உம்ம ஆனந்தத்தைப் பாத்துட்டு என் பொஞ்சாதி என் கையில துடைப்பத்தைக் குடுத்துட்டா!"

வெள்ளிக்கிழமை, ஆபீஸிலிருந்து வந்து சோபாவில் காலை நீட்டியபடி தர்ஷினி விசாரித்தாள். "இன்னிக்கு அமைதி எப்படி?"

"பொங்கி வழியுது."

"சாம்பாரும்தான். அடுப்பைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை என் இடுப்பு ராஜினாமா செய்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுச் சரணடைந்தேன்.

"தர்ஷினி, தியானமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். மெய்டு வரட்டும். ஷெல்ட்டரை நான் காலி பண்ணிடறேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இரும்புக் கதவைத் திறந்தாள். உள்ளே என் நாற்காலியில் அவள் தலையணை. என் மின்விசிறி அவளுடைய புத்தகங்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தூண்டில்களைக் காணோம்.

"புதன்கிழமையே காலி பண்ணிட்டேன். தூண்டிலெல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு. நீங்கதான் ஒரு வாரமா இந்தப் பக்கமே வரலையே. கிச்சன்லயே நிம்மதி கிடைச்சிட்டா, பாவம், இந்த ரூம் உங்களுக்கு எதுக்கு?"

"அப்போ மெய்டு எங்க படுப்பா?"

"எந்த மெய்டு? வேணாம்னு ஏஜென்சிக்குச் சொல்லியாச்சு. அதான் நீங்க இருக்கீங்களே."

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்குடி!"

"எனக்கும்தான் இத்தனை வருஷமா இருந்துச்சு."

கடைசியாக ஒரே ஒரு நியாயம் கேட்டேன். "மெய்டுக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டுலா!"

"அது மெய்டுக்கு" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.