தராசு அண்ணனின் வெடிமருந்து

டெக்சஸில் குறி தவறினால் கையைக் குற்றம் சொல்பவன் உண்டு, கண்ணாடியைக் குற்றம் சொல்பவன் உண்டு, காற்றைத் திட்டுபவனும் உண்டு. வெடிமருந்தின் மேல் சந்தேகப்பட்டு, அதைக் கூண்டில் ஏற்றி, ஆறு வருடம் குறுக்கு விசாரணை செய்தவர் இந்த மாநிலத்திலேயே எங்கள் தராசு அண்ணன் ஒருவர்தான்!

அண்ணன் எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் லீட். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரர். அவருடைய நிஜப் பெயர் கழுத்தில் தொங்கும் பேட்ஜில் இருந்தது, யாரும் படித்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கும். ஒருமுறை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஆபீஸ் பாட்லக்கில் யாரோ கொண்டுவந்த புளியோதரையில் உப்பு கம்மி என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு கம்மி என்று சொன்னவர் அவர். அன்றிலிருந்து தராசு.

அவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு சாஃப்ட்வேரை வெளியே விடுவதற்குள் மேனேஜருக்கு முடி கொட்டிவிடும்.

"சைன் ஆஃப் பண்ணிடலாமா?" என்று மேனேஜர் கெஞ்சுவார்.

"பண்ணிரலாங்க. இன்னொரு வாட்டி மட்டும் பாத்துக்கறனுங்க."

அந்த இன்னொரு வாட்டி மூன்று வாரம் ஓடும்.

நான் அரூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அதனாலோ என்னவோ, எழுதிவைத்த எதையும் நம்பிவிடுவேன். எழுதாததை நம்பவே மாட்டேன். இந்தக் குணத்தை அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"எக்செல் நல்லாப் போடுவியாமா?"

"போடுவேன் சார்."

"சார் மோரெல்லாம் வேண்டாம். அண்ணான்னு கூப்பிடு. சனிக்கிழமை காப்பெல்லுக்கு வந்துரு. கணக்கு எழுதோணும்."

போனேன். காப்பெல் அண்ணன் குடியிருக்கும் ஊர். அங்கே மற்றவர்கள் வீட்டு கராஜில் கார் இருக்கும். அண்ணன் கராஜில் ஒரு பெரிய பெஞ்சு, அதன்மேல் இரும்புக் கருவி, ஜாடிகள், பெருமாள் படம், தீயணைப்பான். தரையில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. டேப்புக்கு இந்தப் பக்கம் எனக்கொரு மடக்கு நாற்காலி.

"நீ விசாக்காரன். துப்பாக்கி, தோட்டான்னா உனக்குச் சட்டம் வேற. நான் சிட்டிசன். கோட்டைத் தாண்டுனா உன்ற லேப்டாப்பைப் புடுங்கிருவேன். கை எங்க இருக்கோணும்?"

"கீபோர்டு மேல, அண்ணே."

"சாமி!"

அங்கே நடந்தது இதுதான். கைத்துப்பாக்கியால் குறிப்பலகையைச் சுடும் போட்டிக்காரர்கள் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை, தாங்களே செய்துகொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் புதுக் கேப் பொருத்தி, உள்ளே மருந்து போட்டு, வாயில் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. எல்லாம் சுலபம், ஒன்றைத் தவிர. எந்த மருந்து?

நான் வெடிமருந்து என்றால் தீபாவளி லட்சுமி வெடிக்குள் இருப்பது என்று நினைத்திருந்தவன். அண்ணன் மூன்று தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்மையாகவே!

"எல்லாம் கறுப்புத் தூள்னு நெனைக்காத. இது பாரு, தட்டையா இருக்குது. அவல். இது உருண்டை. கசகசா. இது சேமியாவை எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்குதா? இதுக்குப் பேரே சேமியாதான்."

ஜாடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய பெயரை அவர் கிழித்ததே இல்லை. பேச்சில் மட்டும் சமையலறைப் பெயர்கள். சேமியா முதல் மாதமே தோற்றது. குறிப்பலகைப் போட்டிக்கு உதைப்பு குறைவாக, மெதுவான தோட்டா வேண்டும். அவ்வளவு குறைந்த அளவில் சேமியா முழுசாக எரியாமல் அண்ணன் மூஞ்சியில் கரி பூசியது. மிச்சம் அவலும் கசகசாவும். அளக்கும் கருவியில் கசகசா தண்ணீர் மாதிரி இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே எடை. அவல் சண்டித்தனம் பண்ணும். ஒருமுறை கொஞ்சம் கூட, ஒருமுறை கொஞ்சம் குறைய, கருவியைத் தட்டித் தட்டித் தாலாட்ட வேண்டும்.

தராசு ஆடும் என்பதால் ஃபேன் கூடாது. டெக்சஸ் ஆகஸ்ட்டில், மூடிய கராஜில், நான் வியர்வையில் மிதந்துகொண்டே எடைகளை எழுதினேன்.

"தம்பி."

"அண்ணே."

"அந்தப் பக்கமாத் திரும்பி மூச்சு விடு."

செய்த தோட்டாவைச் சோதிக்க சுடுதளத்துக்குப் போவோம். கை நடுக்கம் மருந்தின் கணக்கில் சேரக் கூடாது என்பதால் துப்பாக்கியை எதன்மேலாவது சாய்த்துச் சுட வேண்டும். எல்லோரும் மணல் பை வைத்திருந்தார்கள். அண்ணன் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். சுடுதளப் பொறுப்பாளர் ஒரு வயதான டெக்சஸ்காரர். தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவர் மூட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"சார், ஆர் யூ கோயிங் டு ஷூட் தட் ரைஸ், ஆர் குக் இட்?"

"போத்," என்றார் அண்ணன்.

பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது அண்ணி தட்டை முகர்ந்து பார்த்து, "ஏனுங்க, சோத்துல வெடி வாசம் அடிக்குது," என்பார். அண்ணன், "எந்த மருந்து வாசம்? அவலா, கசகசாவா?" என்று ஆர்வமாகக் கேட்பார்.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஒருநாள் போன் ஸ்பீக்கரில் கத்தினாள்: "அப்பா, இட்ஸ் பவுடர்! ஜஸ்ட் பிக் ஒன்!"

"நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கறப்பவும் இதையே சொல்லுவியா கண்ணு?"

போன் கட்டாகிவிட்டது.

இப்படியே ஆறு வருடம். கடைசி இரண்டரை வருடத்துக்கு நான் சாட்சி. என் எக்செல்லில் ஆயிரக்கணக்கான வரிகள் ஏறின. அண்ணன் ஒரு போட்டியில்கூடப் பெயர் கொடுக்கவில்லை. மருந்து முடிவாகட்டும் என்பார்.

போன வசந்தத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. காப்பெல்லில் எலுமிச்சை அளவுக்குக் கல் விழும். கராஜில் பெஞ்சு இருந்ததால் அண்ணியின் புதுக் கார் வெளியே நின்றது. மழை விட்டபின் கார் அம்மை போட்ட மாதிரி இருந்தது. அண்ணி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிதானமாக லேப்டாப்பைத் திறந்து, சுடுதளக் கிளப்பின் அடுத்த போட்டிக்கு அண்ணன் பெயரைப் பதிவு செய்தார்.

"பேரைக் குடுத்துட்டேன். அன்னைக்குப் போயி நீங்க நின்னு சுட்டா பெஞ்சு இருக்கட்டும். சுடலைன்னா பெஞ்சு வெளிய, காரு உள்ள. தம்பி, நீயே சாட்சி. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. இருவரும் லீவு போட்டோம். எக்செல் தீர்ப்புச் சொல்லிவிட்டது: கசகசா! அவலைவிட நகக்கண் அளவு நெருக்கமாகச் சுட்டிருந்தது. அண்ணன் ஜாடியைப் பெருமாள் படத்துக்குக் காட்டிவிட்டுக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். நூற்றிருபது தோட்டா. மருந்து போட்ட கையோடு குண்டை வைத்து அழுத்தி, பெட்டியில் போட்டுவிடுவது அவர் முறை. கூடு திறந்து கிடந்தால் தூசி விழுந்துவிடுமாம். எழுபதா எண்பதா என்ற இடத்தில் போய்க்கொண்டிருந்தது. என் போன் அதிர்ந்தது. வக்கீல் ஆபீஸ் மெயில்.

ஐந்து மாதமாக என் விசா நீட்டிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது கேட்டார்கள், இது கேட்டார்கள், எல்லாம் அனுப்பி, பெட்டியைக் கட்டலாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்தேன். மெயிலில் ஒரே வரி.

"அண்ணே! அப்ரூவ் ஆயிருச்சுண்ணே!"

அண்ணன் துள்ளி எழுந்தார். தான் ஒட்டிய மஞ்சள் கோட்டைத் தானே தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். "ஏய் செல்வி! தம்பிக்கு வந்துருச்சு! கேசரி கிண்டு!" என்று உள்ளே ஓடினார். கேசரி ஆயிற்று, காபி ஆயிற்று. அரூருக்குப் போன் போட்டு என் அப்பாவிடம் அவரே, "இன்னும் மூணு வருசத்துக்குக் கவலையில்லீங்க," என்று கத்தினார். அப்புறம் திரும்பி வந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மீதியை முடித்தார். கடைசித் தோட்டாவைப் பெட்டியில் போட்டார். போட்ட கை அப்படியே நின்றது.

"தம்பி. நீ கத்துனப்ப என்ற கையில ஒரு கூடு இருந்துது."

"ஆமாண்ணே."

"அதுல மருந்து போட்டுட்டேனா, போடலையா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

"வந்து உக்காந்ததும் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தா, ரெண்டு தடவை."

அதில்தான் கசகசாவின் குணம் இருந்தது. சிட்டிகை அளவுதான் அடியில் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே அடங்கிவிடும்; மேலே குண்டை வைத்தால் ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கியே கையில் வெடிக்கலாம்.

தராசை எடுத்தார். ஒவ்வொன்றாக நிறுத்தார். பயனில்லை. மருந்தின் எடையைவிடக் கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை வித்தியாசம் அதிகம். அத்தனையும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. ஆயுளில் முதல்முறையாகத் தராசு தராசைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் ஒடைக்கோணும்."

"அண்ணே, நாளைக்குப் போட்டி! நூத்திருபதுல ஒண்ணு. அதுவும் இருக்கோ இல்லையோ."

"பக்கத்துல நின்னு சுடறவன் புள்ளகுட்டிக்காரனா இருப்பான்டா."

சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதற்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் அடித்தால் குண்டு கழன்றுவிடும். டொக், டொக் என்று ஆரம்பித்தார். ஒரு தோட்டாவுக்கு நாலு அடி, ஐந்து அடி. சத்தம் கேட்டு வந்த அண்ணி இடுப்பில் கை வைத்தார்.

"தெரியும்ங்க. கடைசி நாள் ஏதாவது சாக்கு வரும்னு தெரியும். நாளைக்கே பெஞ்சை எடுக்க ஆள் வரச் சொல்றேன்."

அண்ணன் அடுத்த தோட்டாவைக் கருவியில் மாட்டினார். நான் எழுந்து நின்றேன். "அண்ணி, என்னாலதான். நான் கத்தினதாலதான்," என்று முழுவதையும் சொன்னேன். அண்ணி பெட்டியைப் பார்த்தார், அண்ணனின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார்.

"கண்ணாடி இருந்தாக் குடுங்க. அந்தச் சுத்தியலையும் குடுங்க."

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, சேலையை இடுப்பில் செருகி, தேங்காய் உடைப்பதுபோல் ஓங்கி ஒரே அடி. குண்டு கழன்றது. "இதுக்கா நாலு அடி அடிச்சீங்க?"

அண்ணி அடிக்க, அண்ணன் கொட்டி நிறுக்க, நான் எண்ண, மாலை ஐந்துக்கு நூற்றிருபதும் முடிந்தது. ஒன்றில்கூட இரண்டு மடங்கு இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒண்ணுமே இல்லையேண்ணே. வீணா ஒடச்சோமே."

அண்ணன் முகம் பூரித்திருந்தது. "ஒண்ணும் இல்லைன்னு இப்பத்தானடா தெரியுது!"

அப்புறம் ஆறு வருடத்தில் முடியாததை ஆறு நொடியில் முடித்தார். கசகசாவை மூடி அலமாரியில் வைத்தார். அவலை எடுத்தார். அவல் புஸுபுஸுவென்று கூட்டை முக்கால்வாசி நிறைத்துவிடும். மறந்து இரண்டாம் தடவை போட்டால் வெளியே வழிந்து ஊரைக் கூட்டும். "நகக்கண்ணு அளவு தள்ளிப் பட்டாப் படட்டும். மறதிக்காரனுக்கு இதுதான் மருந்து." தூசி விழுமே என்று பார்க்காமல், இம்முறை கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, அத்தனைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டு வைத்தார். சூரியன் இன்னும் இருந்தது.

சனிக்கிழமை போட்டி. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பின்பக்கம் கயிற்றுக்கு வெளியே அண்ணியும் நானும். போட்டி விதிப்படி நின்றுகொண்டு, ஒற்றைக் கையால், எதன்மேலும் சாயாமல் சுட வேண்டும். அண்ணன் கையை நீட்டினார். துப்பாக்கியின் முனை காற்றில் கோலம் போட்டது.

முதல் சுற்று முடிந்து வந்தவர் என் காதில் சொன்னார்: "மருந்தை ஆறு வருசம் டெஸ்ட் பண்ணுனோம். என்னை யாருடா டெஸ்ட் பண்ணுனது?"

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஆனாலும் கடைசித் தோட்டா வரை சுட்டார்! ஒன்று நட்டநடுவில் பட்டது. மீதி பல, பலகையின் நாலு மூலைக்கும் மரியாதை செலுத்தின. கடைசியிலிருந்து மூன்றாவது இடம். கப் வாங்கியவனைவிடப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அண்ணி, "பெஞ்சு இருக்கட்டும். காருக்கு ஒரு கொட்டகை போட்டுக் குடுங்க," என்றார்.

சுடுதளத்துத் தொப்பிக்காரர் கை குலுக்க வந்தார். தரையில் கிடந்த கூட்டை எடுத்து முகர்ந்தவர், மருந்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருடம் சோதித்துவிட்டுக் கடைசி நாளில் ஏன் மாற்றினாய், என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தலை கவிழ்ந்தது. இந்தப் பையன் நடுவில் கத்திக் கெடுத்துவிட்டான் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"மை பிரதர் காட் ஹிஸ் விசா. ஐ வாஸ் டூ ஹாப்பி டு கவுண்ட்."

வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அண்ணன் என்று அதுவரை வாயால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.