மாமியாரின் மைட்டோகாண்ட்ரியா

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த உறையைப் பிரித்து ஒரே ஒரு வரி படித்ததும் ஞானசீலனுக்கு மாமியார் மேல் கோபம் வந்தது.

'முட்டையில் கால்சியம் அலை எழவில்லை' என்றது அந்த வரி. அடுத்த வரிக்குப் போக அவருக்குப் பொறுமை இல்லை.

ஞானசீலன் சத்துவாச்சாரியில் விலங்கியல் ஆசிரியர். கல்யாணமாகி ஆறு வருடம். போன மாதம் மனைவி லில்லியிடம் எடுத்த ஐந்து முட்டைகளிலும் அவருடைய உயிரணுவை ஊசியால் செலுத்தினார்கள். ஒன்றுகூடக் கருவாகவில்லை. குறை யாரிடம் என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

லில்லியை உட்காரவைத்துப் பாடமே நடத்தினார். கரு உண்டாகும்போது முட்டைக்குள் கால்சியம் அலை அலையாய் எழுந்து அடங்க வேண்டும். எழுந்ததை ஒவ்வொரு தடவையும் இறைத்துக் கிடங்கில் திரும்பச் சேர்க்கச் சக்தி வேண்டும். அதைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. அலையே இல்லையென்றால் மைட்டோகாண்ட்ரியா சோம்பேறி. அதுவோ அம்மா வழியாக மட்டுமே வருவது.

"இப்ப சொல்லு, யாரு காரணம்?"

"எனக்கு வர்ற கோவத்துக்கா?" என்றாள் லில்லி.

அன்றைக்கே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினார். அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவதாக உத்தேசம். லில்லி நான்கு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

மாமனார் தானியேல் தோல் ஷெட்டில் மேஸ்திரி. கரண்ட் இல்லாமல் தோல் ஊறும் டிரம் சுற்றுமா என்று அவருக்கு விளங்கும்படி கேட்டார் ஞானசீலன். அவர் பதில் சொல்வதற்குள் மாமியார் சௌந்தரம் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

"அஞ்சு பெத்தவ நானு. என் கரண்ட்ல இன்னா கொறையக் கண்டுட்டீங்க மாப்ள?"

ஞானசீலன் சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, உங்களுடையது நன்றாகத்தான் இருந்திருக்கும், மகளுக்குக் கொடுக்கும்போது மட்டமானதைக் கொடுத்துவிட்டீர்கள் என்றார்.

சௌந்தரம் தங்கைகள் இருவரையும் வரவழைத்தார். இருவருக்குமாகப் பதினோரு பிள்ளைகள். ஒரே தாய் வழி என்பதற்கு அத்தனை பேரும் சாட்சியாக வரிசையில் நின்றார்கள். அப்படியானால் நல்லதையெல்லாம் சித்திகள் எடுத்துக்கொண்டார்கள் என்றார் ஞானசீலன். அதுவரை சும்மா இருந்த சித்தப்பாக்களும் எழுந்தார்கள்.

கடைசியில் லில்லி பேசினாள். "நாளைக்கு அந்த லேபுக்கே போவோம். கொறை என்னுதுன்னா நான் இங்கயே இருந்துடறேன். இல்லன்னா?"

"இல்லன்னா இவங்க அத்தனை பேர் முன்னாடியும் உன் கால்ல விழறேன்."

மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் இறங்கினார்கள். சோதனை செய்த ஃபீபி சின்னப் பெண். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனாள். ஞானசீலன் தாளை மேஜைமேல் அறைந்து, மைட்டோகாண்ட்ரியா செத்துக் கிடந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னார்.

மைட்டோகாண்ட்ரியா அருமையாக வேலை செய்ததாகச் சொன்னாள் ஃபீபி. அதே முட்டைகளில் சிலவற்றில் வேறொருவர் உயிரணுவைச் செலுத்தியபோது சாயங்காலம் வரை அலை ஓயவே இல்லையாம்.

வேன்கூட்டம் மொத்தமும் லில்லியைத் திரும்பிப் பார்த்தது. ஞானசீலனுக்குக் காதெல்லாம் சிவந்தது.

"வேற ஒருத்தனோடதா? என் பொண்டாட்டி முட்டையிலயா?"

"ஐயோ, அவங்களோடது இல்ல சார். உங்கள டெஸ்ட் பண்றதுக்கு நாங்க வெச்சது எலி முட்டை."