மாடியறையில் மறைந்த ஆறு

ஆற்றில் இறங்கித் தண்ணீர் அளப்பதையே வேலையாக வைத்திருக்கும் அன்புச் சித்திக்கு, அக்கா மகள் வணங்கி எழுதுவது.

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட. அவர் சிரித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார். இங்கு அனைவரும் நலம். தூங்குவதால் நலமாகத்தான் இருக்க வேண்டும்.

பள்ளியில் கண்காட்சி வருகிறது. எல்லோரும் எரிமலை செய்கிறார்கள். நான் நம் ஆற்றைச் செய்கிறேன் என்று கை தூக்கினேன். “பத்து மாசம் காஞ்சு கெடக்குறதெல்லாம் ஒரு ஆறாடி?” என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது, குறுக்கே பாறை வந்தால் மேலே எழும்புகிறது, எழும்பிய இடத்தில்தான் பழைய நகரமே உண்டானது, படையெடுத்து வந்தவர்கள் அது தெரியாமல் தண்ணீரின் மேலேயே கூடாரம் அடித்துத் தாகத்தோடு திரும்பிப் போனார்கள் என்றெல்லாம். “செஞ்சு காட்டு, பாக்கலாம்” என்றாள்.

அதனால் இன்றிரவு என் அறையில் ஒத்திகை. பாலிதீன் விரித்து, மணல் கொட்டி, பாறைக்கு ஒரு கருங்கல் வைத்து, முதல் வாளி ஊற்றினேன். மணல் குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. எனக்கு ஒரே பெருமை, அப்படியே நம் ஆறு! மூன்றாவதை ஊற்றிவிட்டு, ஊற்று கிளம்பும் என்று குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். கிளம்பவில்லை சித்தி. கருங்கல் பாலிதீனைக் கிழித்திருந்தது. தரையில் ஏற்கெனவே விரிசல். விரிசலுக்கு நேர் கீழே வீட்டு ஓனரின் கட்டில்.

குடிவந்த அன்றே அவர் அப்பாவிடம், “மேலேருந்து ஒரு சொட்டு எறங்கினாலும் மறுநாளே காலி பண்ணிடணும் சார்” என்றார். இது எங்களுக்கு நான்காவது வீடு. அம்மா நேற்றுதான் கடைசி அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். பாவாடை, போர்வை, அப்பாவின் துண்டு எல்லாம் வைத்து நான் அமுக்கியும் தண்ணீர் நிற்கவில்லை. ஆற்றை எப்படி நிறுத்துவது? உடனே பதில் போடுங்கள். ஆனாலும் என்ன ஒரு ஆறு சித்தி! மூன்று வாளியை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கிறது.

சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உங்கள் கிணறு என்றும் வற்றாமல் இருக்கட்டும்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், பிழைத்தேன்! விரிசலில் காது வைத்துக் கேட்டேன். ஓனர் வீட்டம்மா அவரை உலுக்குகிறார். “ஏங்க, எழுந்திருங்க, மழைங்க!”

“மழையா? போன வருஷமே வரலையே?”

“மூக்கு மேல சொட்டுதுங்கறேன்! அண்டாவ எடுங்க!”

இருவரும் சிரிக்கிறார்கள். ஓனர் சிரித்து நான் கேட்டதே இல்லை. நம் ஆறு அவரையே சிரிக்க வைத்துவிட்டது! நிறுத்தும் வழி இனி வேண்டாம். நான்காவது வாளியையும் ஊற்றலாமா என்று யோசிக்கிறேன்.

“நான் தெருவுல போய் நனைஞ்சுட்டு வரேன்டி” என்கிறார். கீழ்க்கதவு திறக்கிறது.

“என்னங்க, நல்லாப் பெய்யுதா?”

“வானம் பூரா நட்சத்திரம்டி.”

படியில் செருப்புச் சத்தம். சித்தி, எங்கள் கதவைத் தட்டுகிறா