ஆறு மணிப் பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

"சார், இது கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். தங்கம் இல்ல," என்றார் கடைக்காரர்.

தராசு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கைக்கு ஒரு ஸ்பீக்கராகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கற்களைச் சோதித்த ஆய்வாளர். ஓய்வு பெற்று இரண்டு மாதமாகியும் 'தராசு' என்ற பட்டப்பெயரும் போகவில்லை, பழக்கமும் போகவில்லை.

"இடது பக்கம் கனம் குறையுதே?"

"வலது பக்கத்துலதான் சார் சுவிட்ச் இருக்கு."

"விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனா சத்தம் மட்டும் பழைய சத்தமா இருக்கணும்."

"பழைய சத்தம்னா?"

அதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். நேர் எதிரே ஒரு வீடு, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண். கள்ள எடைக்கல் வைத்த வியாபாரிகளை நடுத்தெருவில் நிறுத்தி உலுக்கியவருக்கு, அவளைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பேசும் பொறுப்பைப் பாட்டிடம் விட்டார். இரண்டு பெரிய மர ஸ்பீக்கர்களை ஜன்னலோரம் வைத்து, தினமும் மாலை ஆறு மணிக்கு அதே கேசட், அதே பாட்டு. ஆரம்பத்தில் வரும் நீண்ட ஹம்மிங் முடிவதற்குள் அவள் வந்துவிடுவாள். இரண்டு கதவிலும் கை வைத்து ஒரு கணம் இவரைப் பார்ப்பாள். முகம் சிவந்திருக்கும். பிறகு படாரென்று ஜன்னலைச் சாத்திவிடுவாள். என்ன வெட்கம்! சாத்திய ஜன்னலைத் தாண்டியும் கேட்கட்டுமே என்று இவர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரரை அனுப்பிப் பெண் கேட்டபோது, யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்காமல் அவள் சரி என்றுவிட்டாள். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அந்தப் பாட்டுதான். அது பலித்தும் விட்டது. என்ன, கல்யாணமான பத்தாம் நாளே எலி ஒயரைக் கடித்துச் செட்டு ஊமையாகிவிட்டது. புது ஒயர் போட்டார். அதையும் கடித்தது. மூன்றாவது ஒயரும் போனபோது மனசு விட்டுப்போய்ப் பரணில் ஏற்றிவிட்டார்.

வெளியூர் வேலைக்குப் போன மகன், போகும்போது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். கேசட்டில் இருந்த பாட்டையும் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு கல்யாணமாகி முப்பது வருஷம். இப்போது நாள் முழுக்க இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச்சு பாலையும் கேஸையும் தாண்டுவதில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அந்த ஹம்மிங் கேட்டு அவள் மறுபடி அப்படி வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"இதையே குடுங்க," என்றார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், பாடகி கிணற்றுக்குள் விழுந்து உதவிக்குக் கூப்பிடுவது போலக் கேட்டது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இதுவே நல்லாத்தான் இருக்குங்க. இன்னும் கொஞ்சம் குறைச்சா இன்னும் நல்லாயிருக்கும்."

இவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று எப்படிப் பூசி மெழுகுகிறாள் பாருங்கள்! தராசு மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்து, மேலே பணம் போட்டு, தரையில் வைக்கும் பேஸ் பெட்டியோடு சேர்ந்த ஸ்பீக்கர் வாங்கினார்.

ஹம்மிங் ஆரம்பித்ததும் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் வரிசையாக நகர்ந்தன. பாட்டு தொடங்குவதற்குள் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், கையுறையோடு நின்றார்.

"சார், நீங்க பாட்டு போட்டா என் பேஷண்ட் வாயில மெஷின் ஆடுது. ஆடுற பல்லு எது, ஆட்டுற பாட்டு எதுன்னு எனக்கே தெரியல."

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, பேஸ் பெட்டியைத் தலையணைகளுக்கு நடுவே வைத்தார். சத்தத்துக்குச் சளி பிடித்துக்கொண்டது. பீரோ மேல் ஏற்றினார். பீரோ தானாகத் திறந்து, இஸ்திரி போட்ட துணியையெல்லாம் வெளியே தள்ளியது.

"ஏங்க, சின்னதே நல்லா இருந்துச்சே," என்றாள் மனைவி, துணியைப் பொறுக்கிக்கொண்டே.

"நீ சும்மா இரு. உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

அவள் பிறகு துணியை மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடைக்காரர் இவரைக் கண்டதுமே உள்ளே போய், யாரோ பழசுக்கு விட்டுப்போன மர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதுதான் சார் கடைசி. விலையும் பாதிதான். இதுவும் பிடிக்கலைன்னா நானே உங்க வீட்டுக்கு வந்து பாடிடுறேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. ஹம்மிங் எழுந்தது. தராசுக்கு உடம்பு சிலிர்த்தது. அதே சத்தம்! அதே மாடி அறை, அதே சாயங்கால வெளிச்சம், அதே இருபத்தெட்டு வயது! ஹம்மிங் முடிவதற்குள் மனைவி அறை வாசற்படியில் வந்து நின்றாள். இரண்டு கதவிலும் கை. அதே பார்வை. அதே சிவந்த முகம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

இத்தனை வயதிலும் வெட்கம்! அவர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூசி தட்டப் போனபோது ஸ்பீக்கர் ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"எலி!" என்று அலறினார். "இங்க வந்து பாரு! முப்பது வருஷம் கழிச்சு மறுபடியும் எலி!"

"அடப் பாவமே," என்றாள் மனைவி. "போனா போகுது, விடுங்க."

எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் தராசு, ஒயரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை, நேர்கோடாக அறுந்திருந்தது. கீழ்வீட்டு டாக்டரே மெச்சக்கூடிய பல்வரிசை என்று நினைத்துக்கொண்டார். கடைக்கு ஓடினால் ஞாயிறு விடுமுறை.

மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மச்சினி வந்தாள். அந்த நாளில் எதிர்வீட்டு ஜன்னலடியில் இரட்டைச் சடையோடு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள். அந்தப் பாட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சி என்று தராசுதான் அவளை அழைத்திருந்தார்.

"அந்தப் பாட்டா மாமா? தினம் ஆறு மணிக்குப் போடுவீங்களே, அதேவா?"

"அதேதான்! நேத்து போட்டதும் உங்க அக்கா ஓடி வந்து நின்னா பாரு, முகமெல்லாம் சிவந்து... இன்னிக்கு உனக்கும் காட்டலாம்னு இருந்தேன். பாழாப்போன எலி கெடுத்துடுச்சு. அன்னிக்கும் இதே மாதிரிதான். மூணு தடவை!" ஒயரை அவள் கையில் கொடுத்தார்.

மச்சினி ஒயரின் நுனியைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா தட்டில் இருந்த தேநீர்க் கோப்பைகளை அவசரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, ஜன்னலைச் சாத்திச் சாத்திக் கை ஓய்ஞ்சுபோச்சு, அந்த மாடி ரூமுக்குள்ள போய் ஒயரை வெட்டினாத்தான் விடிவுன்னு இவரைக் கட்டிக்கிட்டவ நீ, இன்னுமா அந்தக் கத்திரிக்கோலைப் பத்திரமா வச்சிருக்கே?"