கோட்டையைப் பார்க்க வந்தவர்கள்

அன்புத் தங்கைக்கு,

சின்னண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இப்போதைக்குத் தெரிவிக்க வேண்டாம், இங்கே இருக்கிற கவலைக்கே இடம் போதவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் பெரியண்ணன் வீட்டில் ஓர் அறையில் பேசினால் மூன்று அறைக்குக் கேட்கிறது. அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். எங்களோடு வந்த என் மச்சான் இன்று உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது முழங்காலின் குற்றம். காரணம் கீழே வருகிறது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியண்ணனுக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டார். அண்ணனிடம் வயிற்றில் புண், மருந்தில் ஆறிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஏழு வருடமாக எட்டிப் பார்க்காத நானும் என் வீட்டுக்காரியும் மச்சானும் திடீரென்று பெட்டியும் படுக்கையுமாகப் போய் நின்றால் எந்த மனுஷனுக்கும் புரிந்துவிடாதா? அதனால் நான்தான் யோசனை சொன்னேன்: கோட்டை, மியூசியம் எல்லாம் சுற்றிப் பார்க்க வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்வோம். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஊரார் பொய்யை எல்லாம் பிடித்தவனுக்கு ஒரு பொய் சொல்ல வராதா என்று இருந்துவிட்டேன். அதே கோட்டையில் அண்ணன் முப்பத்தொரு வருடம் கைடாக இருந்தவர் என்பதை யோசிக்கவே இல்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வாசலிலேயே அண்ணி எங்களை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி ஒத்திகை பார்த்தார்கள். "இளைச்சுட்டீங்கன்னு யாரும் சொல்லக் கூடாது. பழம் இருந்தா பையிலேயே இருக்கட்டும். அழுகை வந்தா பின்பக்கம் போயிடுங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போன என் வீட்டுக்காரி அண்ணனைப் பார்த்த மாத்திரத்தில், "அய்யோ, பாதி..." என்று வாயைத் திறந்தாள். அண்ணி முறைத்த முறைப்பில், "பாதி வழியில பஸ் பஞ்சராயிடுச்சு மாமா" என்று முடித்தாள். மச்சானைக் கேட்கவே வேண்டாம். இருபது வருடம் கம்பவுண்டராக இருந்தவன், கை குலுக்குகிறேன் என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ண ஆரம்பித்துவிட்டான். நான் அவன் காலை மிதித்த மிதியில் இன்னும் நொண்டுகிறான்.

"கோட்டை பாக்கவா வந்தீங்க?" என்று கேட்டு அண்ணன் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழுந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்களோடு வாடகை வண்டியில் கோட்டை வாசல் வரை வந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. டிக்கெட் கவுண்டர் ஆள் நாற்காலி போட்டுக் கொடுத்தான். "நான் இங்கயே இருக்கேன். உச்சியில மூணாவது ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, என்ன தெரிஞ்சுதுன்னு வந்து சொல்லணும்" என்றார். நானூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கியதும், "என்னடா தெரிஞ்சுது?" "இருட்டுண்ணே." "ஒழுங்கா பாக்கலை. திரும்பப் போ." போனேன் தங்கச்சி. அறுபத்து நாலு வயதில், எழுந்து நிற்க முடியாத மனுஷனுக்குப் பயந்து, திரும்பப் போனேன்.

மறுநாளிலிருந்து அவரால் வர முடியவில்லை. காலையில் பார்க்க வேண்டிய இடங்களைக் கைநடுங்கப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். நாங்கள் வெயிலில் அலைந்து பொழுது சாய வருவோம். அறை வாசலில் வரிசையாக நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். என் வீட்டுக்காரி விடைகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள், வேர்வையில் ராஜாவும் மகனும் ஒன்றாகக் கரைந்து போனார்கள். அவள் மாற்றிச் சொன்னதும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இன்னொரு கஷ்டம், சரித்திரச் சின்னம் என்று போர்டு வைத்த இடம் எல்லாம் யாரோ செத்த இடமாகவே இருக்கிறது. சாவு என்ற பேச்சே எடுக்காமல் ஒரு சமாதியை எப்படி வர்ணிப்பது? "வெள்ளைக் கல், நல்ல காத்தோட்டம்" என்றேன். "கட்டினவரே உள்ள போறதுக்குப் பதினாலு வருஷம் காத்திருந்தாரு. அப்பப்போ வந்து படுத்து அளவு பாப்பாராம்" என்று அண்ணன் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. மியூசியத்தில் பழைய கால அறுவைக் கத்திகளைப் பார்த்துவிட்டு வந்த மச்சான், "அந்தக் காலத்துலயே இந்த மாதிரி கட்டியை அறுத்து..." என்று தொடங்கினான். நான் சொம்புத் தண்ணீரை என் மடியிலேயே கொட்டிக்கொண்டு பேச்சை மாற்றினேன். எனக்கு மாற்று வேட்டியும் இல்லை.

ஆனாலும் ஜெயித்தோம். ஐந்து நாள், பதினொரு இடம், அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. உன்னிடம் மறைப்பானேன், அவர் கை எலும்பாகிவிட்டது, பேசும்போது நடுவில் மூச்சு வாங்குகிறது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் கல்லைப் பார்க்கப் போகிறேனோ என்று சில நேரம் தோன்றுகிறது.

நீ பதறிக்கொண்டு ஓடி வராதே. அடுத்த மாதம் வந்தால் போதும். வரும்போது கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வா. கேட்டால் மியூசியம் பார்க்க என்று சொல். அவர் அறையில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதே, முகம் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடு, மூட்டு வலி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முழங்கால் போன சின்னண்ணன்

பின்குறிப்பு: மேலே சொன்ன புத்திமதி எதையும் கேட்காதே. கடிதத்தை மடித்துவிட்டு, இன்றைய பட்டியலை வாங்க அண்ணன் அறைக்குப் போனேன். தாளில் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தார். "இனிமே பாக்க ஒண்ணும் இல்லடா. எல்லாம் பாத்து முடிச்சுட்டீங்க. கிளம்பிடுவீங்க, இல்ல?" என்றார். நான் அந்த வெற்றுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். "முப்பத்தொரு வருஷம் என்கிட்ட வந்தவன் அத்தனை பேரும் கல்லைப் பாக்கத்தான் வந்தான். அது என் பொழைப்பு, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. தெரியாமத்தான் கேக்கறேன், நீங்களுமாடா?" என்றார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஐந்து நாளில் அந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கேமரா வேண்டாம். கடிதம் கொண்டுவரும் மச்சானுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏறு. அழுகை வந்தால் அவர் முன்னாலேயே அழு. எதுக்கு வந்தே என்று கேட்பார். உங்களைப் பார்க்கத்தான் என்று சொல். நான் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.