காலடிச் சீட்டு

மனித குலம் பேசக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது மனமுருகிப் பேசக் கற்றுக்கொண்டது பதினோரு ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் என் கையெழுத்தில்தான் என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மருமகன் பெரிய பாடகர். சுவரொட்டிகளில் அவருக்குக் 'கானப் புயல்' என்று பெயர். பொருத்தமான பெயர். வருடத்தில் முந்நூறு நாள் அவர் ஏதாவதொரு வெளியூரில் கரையைக் கடந்துகொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து சேர்வது முற்றிலும் வலுவிழந்த பிறகுதான். அவருக்கும் என் மகளுக்கும் திருமணமாகிப் பத்தொன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. சுற்றுப்பயண அட்டவணையில் அதற்குத் தேதி கிடைக்கவில்லை.

நான் முப்பத்துமூன்று வருடம் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதி ஓய்வு பெற்றவன். எழுதியதெல்லாம் அந்த ஒரே வரிதான் என்றாலும், அதைப் போல அழகாக எழுத ஆளில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு, மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்காக, என் மகள் என்னை அவர்களுடைய இசைக்குழுப் பேருந்தில் ஏற்றி அனுப்பினாள். இப்படித்தான் நான் கலையுலகில் பிரவேசித்தேன்.

அப்போதுதான் அந்தத் துயரச் சம்பவம் நடந்தது. ஓர் ஊரில் மாப்பிள்ளை மேடையேறி, கைகளை விரித்து, "இந்த ஊருக்கு வரத்தான் நான் பிறந்தேன்!" என்று முழங்கி, ஊரின் பெயரையும் சொன்னார். அது முந்தின நாள் பாடிய ஊரின் பெயர். இரண்டு ஊருக்கும் ஒரு பாலத்தின் விஷயமாக இருபது வருடப் பகை. நாற்காலிகள் மேடையை நோக்கிப் பறந்தன. ஒரு நாற்காலி நேராக டிரம்ஸின் மேல் விழுந்தது. அன்றைக்குத்தான் தாளம் சரியான இடத்தில் விழுந்தது என்று கீபோர்டுக்காரர் பின்னால் சொன்னார்.

மறுநாள் பேருந்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, குழுவின் மேலாளர். நிகழ்ச்சி நிரல், 'நாம் எங்கே இருக்கிறோம்?'. ஊர்ப் பெயரே சொல்லாமல் நேராகப் பாட ஆரம்பித்துவிட்டால் என்ன என்று டிரம்ஸ்காரர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மேலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஊர் பேரைச் சொன்னாத்தான்யா கைதட்டுவாங்க. பின்ன என்ன, பாட்டுக்கா தட்டுறாங்க?"

திருத்தம் தள்ளுபடியானது. நல்ல கையெழுத்துள்ள ஒருவரை 'உணர்வு ஒருங்கிணைப்பு அலுவலர்' என்று நியமிப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கையில் மாத்திரை டப்பாவோடு நான் எழுந்து நின்று ஏற்புரை நிகழ்த்தினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மேடையிலும் மைக்கின் காலடியில், ரசிகர்கள் கண்ணில் படாதபடி, என் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. தடித்த கறுப்பு மையில் நான்கே வரி. முதல் வரி ஊரின் பெயர். இரண்டாவது, அந்த ஊர்க்காரர்கள் எதைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறார்களோ அது: ஓர் ஆறு, ஒரு மணிக்கூண்டு, எதுவுமே இல்லாவிட்டால் 'உங்கள் அன்பு'. மூன்றாவது, 'எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறேன், ஆனால் இங்கேதான்…' அந்தப் புள்ளிகள் முக்கியம். அவற்றுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தழுதழுக்கவும்' என்று எழுதியிருப்பேன். நான்காவது வரி, 'மறுபடியும் வருவேன்' (கை நெஞ்சில்).

இருநூறு ஊர்கள் அழுதன. ஓர் ஊரில் நகராட்சித் தலைவர் மேடையிலேயே மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "எங்க ஊரை இவ்வளவு புரிஞ்சவர் வேற யாருமில்ல" என்று விம்மினார். ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மாப்பிள்ளைக்குத் தெரியாது. பேருந்தில் தூங்கிக்கொண்டுதான் வந்தார்.

வீட்டில் அவர் நடந்துகொண்ட முறையும் போற்றத்தக்கது. மாதத்தில் நான்கு நாள் வருவார். படுக்கையறைக் கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை மாட்டுவார். எட்டு ஓட்டல்களிலிருந்து எட்டு மொழிகளில் அந்த அட்டை அவரிடம் இருந்தது. செருப்பைப் பாலிஷுக்காக அறைக்கு வெளியே வைப்பார். பசித்தால் தொலைபேசியில் ஒன்பதாம் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒன்பதை அழுத்தினால் எங்கள் வீட்டில் எதுவும் அடிக்காது. ஆனாலும் இருபது நிமிடத்தில் இட்லி வந்துவிடும். நிர்வாகத்தைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

பேச மாட்டார். குரலுக்கு ஓய்வு. முன்பின் தெரியாத ஐயாயிரம் பேரிடம் மனம்திறந்து பேசவேண்டிய குரலை, வீட்டில் மனைவியிடம் பேசி வீணாக்க எந்தக் கலைஞனுக்கும் மனம் வராது. கட்டாயம் பேசியே தீரவேண்டிய நாட்களும் உண்டு. என் மகளின் பிறந்தநாள், கல்யாண நாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் செம்பின் மறைவில் என் சீட்டு ஒட்டியிருக்கும். இது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் நினைத்திருந்தேன்.

என் மகள் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நர்ஸ் மாதிரி ஏதோ ஒன்று. போன வருடம் ஒரு நாள் மாலை என் அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் ஃபிளாஸ்கிலிருந்து அவளுக்குக் காப்பி ஊற்றி வைத்தேன். அவள் ஓர் உறையை என்னிடம் நீட்டினாள். பதவி உயர்வு ஆணை. வேறோர் ஊரில், பேருந்தில் பதினான்கு மணி நேரத் தூரத்தில், புதிய கிளை. ஒத்துக்கொள்ளப் பத்து நாள் அவகாசம்.

"மாப்பிள்ளைகிட்ட கேட்டியா?" என்றேன்.

"எப்படிக் கேக்குறது? அவர் பதில் சொல்லணும்னா அதையும் நீங்கதானே எழுதணும்."

நான் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகினேன்.

"மேசையில எத்தனை வருஷமா ஒட்டுறீங்கப்பா? ஆறு இருக்குமா?"

"ஏழு," என்றேன். பதிவேட்டில் பிழை இருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "படிக்கிற கண்ணு வேற, பாக்குற கண்ணு வேறப்பா. படிக்கிற கண்ணு வரியோட குதிச்சு குதிச்சுப் போகும், வரி முடிஞ்சா சட்டுன்னு திரும்பி ஓடும். பாக்குற கண்ணு ஒரு இடத்துல நிக்கும். இருபது வருஷமா நான் பாக்குறது இது ஒண்ணுதான்." லைசென்ஸுக்காக வரும் லாரி ஓட்டுநர்கள் சிலர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களாம். மருத்துவமனைக்காரர்கள் சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிடுவார்களாம். அதோடு வண்டவாளம் வெளியே வந்துவிடுமாம்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் நிறைவதற்காக மருத்துவமனையில் ஒரு சின்னப் பாராட்டு விழா. கணவர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று தலைமை டாக்டர் ஆசைப்படுகிறார்.

"அன்னைக்கு மட்டும் சீட்டு எழுதாதீங்கப்பா. என்னைப் பத்தி அவரா ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல. சொன்னா, இந்த ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கேயே இருந்துடறேன்."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் போன பிறகு பார்த்தால் காப்பி ஆடை கட்டி அப்படியே இருந்தது. மனக் கஷ்டத்தில் குடிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் அட்டவணையை வாசித்தார். 'நிகழ்ச்சி எண் இருநூற்றுப் பதினான்கு. இடம், மருத்துவமனைக் கூட்ட அரங்கம். எதிர்பார்க்கப்படும் உணர்ச்சி, நடுத்தரம்.' மாப்பிள்ளை தொண்டையில் சுற்றிய துண்டை விலக்கி என்னைப் பார்த்தார்.

"மாமா, அது யாருக்கு விழா?"

"உங்க மனைவிக்கு, மாப்பிள்ளை."

"ஓ. நல்லது. மறக்காம அவங்க பேரை எழுதிடுங்க."

அந்தக் கணத்தில் ஒரு தகப்பனின் கடமை எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. சீட்டு இல்லாமல் இந்த மனிதரை மைக்கின் முன் நிறுத்தினால் என் மகளின் குடித்தனம் நாற்பது விநாடியில் முடிந்துபோகும். வாக்கா, வாழ்க்கையா? நான் பேனாவை எடுத்தேன். இரண்டு சாயங்காலம் செலவழித்து எழுதியதுதான் என் எழுத்து வாழ்வின் சிகரம். அதில் இல்லாததே இல்லை. அவள் செய்யும் சேவை, அவளுடைய காலைக் காப்பி, பாட்டின் மேல் அவளுக்குள்ள உயிர், எல்லாம் இருந்தது. இரண்டு இடத்தில் 'தழுதழுக்கவும்'. என் எழுத்தைப் படித்து நானே தழுதழுத்தேன்.

விழா அன்று காலை முதல் ஆளாகப் போய், கூட்ட அரங்கத்தின் சின்ன மேடையில், மைக்கின் காலடியில் நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேல் முனகும் மின்விசிறி, சுவரில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. நடைபாதையில் என் மகள் வெள்ளைக் கோட்டோடு எதிரே வந்தாள். "சீக்கிரமே வந்துட்டீங்களேப்பா" என்று மட்டும் கேட்டாள். மின்விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.

தலைமை டாக்டர் முதலில் பேசினார். என் மகளைப் பற்றி ஆரம்பித்து, புதிதாக வாங்கிய ஓர் இயந்திரத்தைப் பற்றி முடித்தார். பிறகு 'கானப் புயல்' மைக்கின் முன் வந்து, வழக்கம்போல் விரலால் அதைத் தட்டி, கைகளை விரித்து, கண்களைப் பணிவோடு தாழ்த்தினார். முதல் வரிசையில் என் மகள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் பார்த்தாள்.

"இருபது ஆண்டுகள் இந்த மருத்துவமனையில் பணிபுரிந்த இவர்…"

நான் எழுதிய முதல் வரி அது இல்லை.

"தலைமைக் கண் பரிசோதகராகப் பதவி உயர்வு பெற்று…" கைதட்டலுக்கு நின்றார். கைதட்டினார்கள். மேலே போகலாம் என்று அவர் கண் மறுபடியும் கீழே ஓடியது. "வருகிற திங்கட்கிழமை முதல், வேறு ஊரில்…" அங்கே அவர் குரல் தழுதழுத்தது. பதினோரு வருடத்தில் அவ்வளவு சுத்தமாகத் தழுதழுத்து நான் கேட்டதில்லை. "வேறு ஊரில், தனியாகக் குடியேறுகிறார்."

நிறுத்துவார் என்று நினைத்தேன். என் மகளும் நினைத்தாள் என்றே நம்புகிறேன். நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளை கையை நெஞ்சில் வைத்தார்.

"திரும்பி வரும் உத்தேசம் இல்லை."

எண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைமை டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை, "மறுபடியும் வருவேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

என் மகள் மேடையேறினாள். மைக்கில் அல்ல, அவரிடம் மட்டும் சொன்னாள். மேடையோரம் நின்றதால் எனக்கும் கேட்டது.

"இதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் தலைவணங்கி, அவளுக்கு ஆட்டோகிராஃப் போடச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

திரும்பும்போது காரில் என் தோளைத் தட்டினார். "மாமா, இன்னைக்குச் சீட்டு அபாரம். எனக்கே தொண்டை அடைச்சிருச்சு. ஆமா, அந்த ஊர்ல நமக்குக் கச்சேரி ஏதும் இருக்கா?"

திங்கட்கிழமை அவள் கிளம்பிப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை ஒன்பதாம் எண்ணை அழுத்திவிட்டு மதியம் வரை காத்திருந்தார். பிறகு மேலாளரைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் சேவைத் தரம் மிகவும் இறங்கிவிட்டது, அடுத்த முறை வேறு இடம் பாருங்கள் என்றார்.

குழு தளரவில்லை. சீட்டில் இப்போது ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'என் மனைவி இல்லாமல் நான் இல்லை' (நீண்ட தழுதழுப்பு). எல்லா ஊரிலும் அமோக வரவேற்பு. எழுதுவது நான்தான்.

சொல்ல மறந்துவிட்டேன். அன்று தன் சீட்டை ஒட்டுவதற்காக மேடையிலிருந்து அவள் உரித்து எடுத்த என் சீட்டு, அவள் கிளம்பிய பிறகு என் காப்பி டம்ளருக்கு அடியில் இருந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். 'செவிலியராக' என்பதை அடித்து, 'கண் பரிசோதகர். இருபது வருஷமாக' என்று எழுதியிருந்தாள். காப்பி வரிக்கு நேராக, 'விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது'. 'பாட்டு என்றால் உயிர்' என்பதற்கு நேராக, 'அம்மாவுக்கு. எனக்குச் சத்தம் ஆகாது'. அடியில், மதிப்பெண் போடும் இடத்தில், 'கையெழுத்து மட்டும் பிரமாதம், அப்பா'.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். போன வாரம் முன்னேற்பாடாக, அவளிடம் கேட்கவேண்டியவற்றை நான்கு வரியில் எழுதி, நாற்காலியின் காலடியில் ஒட்டிக்கொண்டு பேசினேன். உடம்பு எப்படி இருக்கிறது, வீடு வசதியாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டு, மூன்றாவது வரியில் சரியான இடத்தில் தழுதழுக்கவும் செய்தேன்.

நான்காவது வரிக்குக் கண்ணை ஓட்டினேன்.

"அப்பா," என்றாள் அவள், "கொஞ்சம் நிமிர்ந்து பேசுங்க."